ருசி பார்க்காத ஆப்பிள்

விடிகாலையில் சுபுஹு தொழுத கையோடு ராபியா ஆப்பிள் நறுக்க உட்கார்ந்தாள். முப்பது ஆப்பிள். தின்னப்போவது இருபத்திரண்டு வாண்டுகள், கூடப்போகும் தாய்மார்கள் ஐந்து பேர்.

தாராவியில் லிசா டீச்சர் நடத்தும் பால்வாடிக்கு அன்றைக்கு செம்பூர்ப் பூங்காவில் பிக்னிக். மார்ச் மாத வெயில் முழுசாகக் கொளுத்தத் தொடங்கும் முன்னால், மரங்கள் துளிர்விட்டுப் பூத்து நிற்கும்போதே பிள்ளைகளைப் புல்லில் உருளவிட்டுக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது லிசாவின் கணக்கு. சிக்கல் சாப்பாட்டில்தான் வந்தது. முட்டை கூடாது என்றது ஒரு வீடு. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றது இன்னொரு வீடு. லிசாவின் வீட்டிலோ தவக்காலம், கறி மீன் கிடையாது. எல்லார் வயிற்றுக்கும் பொதுவாகக் கடைசியில் மிஞ்சியது ஆப்பிள்தான்.

"ராபியாக்கா, நீங்கதான் கைகொடுக்கணும்" என்று லிசா வந்து நின்றபோது ராபியா யோசிக்கவே இல்லை. அவள் மகள் ஷைஸ்தா அந்தப் பால்வாடியில்தான் முதல் எழுத்து கிறுக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. வெள்ளையா இருக்கணும்."

போன வருஷம் வேறொரு வீட்டில் நறுக்கிக் கொடுத்த ஆப்பிள், டப்பாவைத் திறந்தபோது பீடிக்கறை பிடித்த பல்லைப் போலப் பழுப்பேறிக் கிடந்ததாம். ஒரு பிள்ளையும் தொடவில்லை.

அதற்கு ராபியாவிடம் வழி இருந்தது. நறுக்கியதும் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் போட்டுவிட்டால் சாயந்தரம் வரைக்கும் நிறம் மாறாது. முந்தின நாளே தப்ரேஸிடம் சொல்லி வைத்திருந்தாள். தப்ரேஸ், கீழே அவள் புருஷன் சிராஜின் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாகத் தோல் பை தைப்பவன். ராபியாவை அண்ணி முறையில் 'பாபி' என்று கூப்பிடுவான். மளிகைக் கடைப் பக்கம் போனால் இவளுக்கும் வாங்கி வருவான்.

வீட்டின் அமைப்பு அப்படி. கீழே பட்டறை, மேலே அடுப்பும் படுக்கையும், நடுவில் ஒரு இரும்பு ஏணி. மேலே போகவேண்டிய சாமானை ஏணி உச்சியில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பதினைந்து வருஷப் பழக்கம்.

காலையில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. உள்ளே வெள்ளை வெளேரென்று கல்கல்லாக உப்பு.

ராபியா முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை எடுத்தாள். எப்போதும் செய்வதுபோல விரல் வாய்வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நின்றது. ரமலான் பன்னிரண்டாவது நோன்பு. சமைக்கிற பெண் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று அவள் உம்மா சொன்னதுண்டு. ராபியா அந்தச் சலுகையை இதுவரை எடுத்துக்கொண்டதில்லை. விரலைக் கழுவினாள். கண்ணளவில் அள்ளித் தண்ணீரில் கரைத்தாள். இன்னும் கொஞ்சத்தை அம்மியில் நுணுக்கி, சாட் மசாலாவோடும் கருப்பு உப்போடும் கலந்தாள், பிள்ளைகளுக்குப் புளிப்பு பிடிக்கும் என்று.

ஆப்பிள் பால்போல வெளுத்துக் கிடந்தது. பாதியைச் சன்னமான வில்லையாக்கி, வெண்ணெய் தடவிய பிரெட்டுக்கு நடுவில் சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி அடுக்கினாள். மீதியைத் துண்டு போட்டு, வறுத்த கடலை கலந்து, மசாலா புரட்டி சாட் ஆக்கினாள். வாசனை ஏணி இறங்கிப் பட்டறை வரைக்கும் போனது.

எட்டரை மணிக்கு டப்பா வாங்க லிசாவும், கூடவே முத்துமாரியும் வந்தார்கள். முத்துமாரிக்கு வாய் கொஞ்சம் நீளம். நாலு வயசு மகன் அபினேஷ் இடுப்பில் தொங்கினான்.

"ஏக்கா, உப்பு ஒறப்பெல்லாம் பாத்தியளா?"

"நோன்பு முத்துமாரி. எல்லாம் கண்ணளவுதான்."

"நல்லாருக்கே! அப்பம் நாங்கதான் சோதனை எலியா?"

"எலிக்கு இம்புட்டு வாய் கெடையாதுட்டி" என்றாள் ராபியா. மூன்று பேரும் சிரித்தார்கள். லிசா மூடியைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, பக்கா வெள்ளை!" என்று அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மணி பத்தே முக்கால்.

ஏணித் துவாரத்தில் முதலில் சிராஜின் தலை வந்தது. பிறகு தோள்.

"ஏளா, ஆணியில ஒரு பை மாட்டியிருந்தேனே. எங்க?"

"எந்தப் பை?"

"வெள்ளையா, கல்லுக்கல்லா. பக்கிள்ல இருந்து துரு எறங்கி நாப்பது பையும் கறையாக் கெடக்கு. அதை எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் வாங்கியாந்தேன். கீழ ஒரே ஈரம், கரைஞ்சிரும்னு இங்க மாட்டினேன்."

ராபியாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அது... எலுமிச்சை உப்பு இல்லியா மச்சான்?"

சிராஜ் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் செத்தது. "என்னத்துல போட்ட?"

அவள் காலியான ஆப்பிள் பெட்டியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"தப்ரேஸ்!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். "எலுமிச்சை உப்பு வாங்கினியா இல்லியா?"

கீழே தையல் மெஷின் நின்றது. "அய்யோ பாபி, மறந்துட்டேன்! இப்பம் வாங்கியாரட்டா?"

ராபியா போனை எடுத்தாள். லிசாவின் நம்பர் அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. அங்கே பிள்ளைகள் வட்டமாக நின்று பாடிக்கொண்டிருப்பார்கள், போன் பைக்குள் கிடக்கும். மற்ற தாய்மார்களின் நம்பர் ஒன்றுகூட அவளிடம் இல்லை. பதினொன்றரைக்குச் சாப்பாடு என்று லிசா சொன்னது காதுக்குள் அடித்தது. அவள் புர்காவை மாட்டினாள்.

சிராஜ் குறுக்கே நின்றான். "எங்க போற?"

"எங்க போவேன்? தின்னுட்டா பிள்ளையள் செத்துரும் மச்சான்!"

"போ. போகவேண்டாம்னு சொல்லல. போயி டப்பாவப் பிடுங்கு. ஆனா ஆசிட்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. கெட்டுப்போச்சுன்னு சொல்லு. புளிச்சுப்போச்சுன்னு சொல்லு. எடுத்துக்கிட்டு வந்துரு."

"ஏன்?"

"ஏனா?" அவன் குரல் தாழ்ந்தது. "ஊரு இருக்க நெலம ஒனக்குத் தெரியாதா? அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிட் போட்டுக் குடுத்தா, அவ மட்டும் ஒரு துண்டு திங்கலன்னு எல்லாவனும் சொல்லுவான். நோன்புன்னு நீ சொன்னா, அதான் நல்ல சாக்குன்னு சொல்லுவான். சாயந்தரத்துக்குள்ள ஒம் போட்டோ எல்லாவன் போன்லயும் சுத்தும். பட்டறை இருக்காது. ஷைஸ்தா பள்ளிக்கூடம் போக முடியாது. யோசி."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சிராஜ் அலமாரிமேல் மீதியிருந்த பையைப் பார்த்துவிட்டான். சாக்கடையில் கொட்டிவிடக் கை நீட்டினான். ராபியா முந்திக்கொண்டாள். பையை முடிச்சோடு புர்காவுக்குள் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்லலாம்.

தப்ரேஸ் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "பாபி, நான் மட்டும் மறக்காம..."

"ஓட்டு!"

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு டெம்போ குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. தப்ரேஸ் நடைபாதையில் ஏற்றினான். சயான் சர்க்கிளில் சிக்னலை மதிக்கவில்லை. பிரியதர்ஷினி சர்க்கிள் பக்கம் போனதும் வண்டிகள் நெருப்புப்பெட்டிக் குச்சிபோல அடைந்து நின்றன. ராபியா இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து, வலது கையால் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். எட்டாவது தடவை. ஒன்பதாவது தடவை. 'கெட்டுப்போச்சு' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சுலபமான வார்த்தை. நாக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மணி பதினொன்று இருபத்தைந்து.

பூங்கா வாசலில் செருப்பு ஒன்று கழன்று போனது. அவள் திரும்பவில்லை. பெரிய மரத்தடியில் நீலப் பாய் விரித்திருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் கை கழுவி, சம்மணம்போட்டு, காகிதத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தட்டிலும் ஒரு சாண்ட்விச், ஒரு குவியல் சாட். லிசாவின் பால்வாடியில் ஜெபப் பாட்டு முடியாமல் ஒரு பருக்கை வாய்க்குள் போகாது. அந்தப் பாட்டின் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

பாட்டு அறுந்தது. ஒரு பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. லிசா எழுந்து ஓடிவந்தாள். "அக்கா! என்னாச்சு? யாருக்கு என்ன?"

ராபியாவுக்கு மூச்சு வாங்கியது. உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. சுற்றிலும் பார்த்தாள். ஐந்து தாய்மார்கள். இரண்டு பேர் அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள். ஒருத்தி ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், பிள்ளைகளைப் படம் எடுக்கத்தான். ஆனாலும் அந்தப் போனின் கண் ராபியாவைப் பார்த்தது.

"கெட்டுப்போச்சு" என்றாள். "ஆப்பிள் கெட்டுப்போச்சு லிசா. மசாலா பழசு. இப்பந்தான் பாத்தேன். டப்பாவக் குடுத்துரு, நான் எடுத்துட்டுப் போறேன்."

லிசா நம்பிவிட்டாள். அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. "சரி சரி, பிள்ளைகளா, தட்டக் கீழ வைங்க" என்று குனிந்து எடுக்கத் தொடங்கினாள்.

நம்பாதவள் முத்துமாரி.

"மூணு மணி நேரத்துல ஆப்பிள் கெட்டுப்போகுமா? இதுக்காக தாராவில இருந்து ஒத்தச் செருப்போட ஓடியாந்தியளா?" மகன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணைச் சுருக்கினாள். "ஏ, புளிப்பு கிர்ருனு ஏறுது! சூப்பரா இருக்குக்கா. எதுக்குப் பயப்படுதிய? நல்லால்லன்னு நாங்க சொல்லிருவோம்னா?"

"வேண்டாம் முத்துமாரி. துப்பிரு."

"நீங்க நோன்பு, ஒங்களுக்கு ருசி தெரியாது. எனக்குத் தெரியுதுல்லா?" அவள் ஒரு பிடி அள்ளினாள். காலையிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, பஸ் ஏற்றி, ஒரு டீயோடு வந்தவள். பசி. "ச்சலோ, இப்பம் நான் தின்னு காட்டுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா பிள்ளையளுக்குக் குடுங்க."

முதல் பிடி உள்ளே போனது. ராபியா பார்த்தாள். 'சொல்லு' என்றது ஒரு குரல். 'ஷைஸ்தா' என்றது இன்னொரு குரல். அவள் கால் நகர மறுத்தது. முத்துமாரி அபினேஷின் வாயில் ஒரு துண்டை ஊட்டினாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது பிடியை அள்ளினாள். அம்மா தின்பதைப் பார்த்த பிள்ளைகளின் கைகள் தட்டுகளுக்குத் திரும்பின. இன்னொரு தாய், "அப்படி என்னதான் புளிப்பு?" என்று தட்டை நோக்கிக் குனிந்தாள்.

ராபியா பாயின்மேல் பாய்ந்தாள். தட்டுகளைக் காலால் எத்தினாள். அபினேஷின் வாய்க்குள் விரலைவிட்டுத் துண்டை வெளியே இழுத்தாள்.

"ஆசிட்! அது ஆசிட்! தோல் கழுவுற ஆக்ஸாலிக்! தெரியாமப் போட்டுட்டேன்! துப்புட்டி, துப்பு!"

 ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

முத்துமாரி துப்பினாள். ஆனால் இரண்டாவது பிடியில் பாதிதான் வெளியே வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ராபியாவைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "எரியுதுக்கா" என்றாள். "ரொம்ப எரியுது."

லிசா ஒரு டாக்ஸியைக் கையைக் காட்டி நிறுத்தினாள். முத்துமாரியும் அபினேஷும் ராபியாவும் அதில். மற்றப் பிள்ளைகளின் வாயைக் கழுவ வைத்து, எண்ணிப் பார்த்து, பஸ்ஸில் பின்னாலேயே கூட்டிவந்தாள் லிசா. வழியில் முத்துமாரி மூன்று தடவை வாந்தி எடுத்தாள். மூன்றாவதில் சிவப்பு கலந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு ராபியா புர்காவுக்குள்ளிருந்து பையை எடுத்து நீட்டினாள். பேரைச் சொன்னாள். எத்தனை ஸ்பூன் என்று சொன்னாள். அந்த இளம் டாக்டர் பையை வாங்கி, அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

இருபத்தொரு பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அபினேஷ் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், பிறகு ஐஸ்கிரீம் கேட்டு அழுதான். முத்துமாரி உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

இரண்டு மணிக்குள் வராந்தா நிறைந்துவிட்டது. அப்பாக்கள், சித்தப்பாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். "யாரு செஞ்சது?" "அந்தா உக்காந்திருக்கா பாரு." "தான் மட்டும் ஒரு துண்டு தொடலையாம்." ஒருவன் போனை நீட்டிப் பிடித்து அவள் முகத்தைப் படம் எடுத்தான். அவள் முகத்தை மூடவில்லை. முத்துமாரியின் புருஷன் வாட்ச்மேன் உடுப்பிலேயே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

சிராஜ் போன் செய்தான். "என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் மச்சான்."

 போனுக்குள் யாரோ இந்தியில் அதட்டும் சத்தம், ஷட்டர் இழுபடும் சத்தம். "பட்டறையில போலீஸ் நிக்குது" என்றான் சிராஜ். "ஷைஸ்தாவ எந் தங்கச்சி சபுரா வீட்டுல விட்டிருக்கேன். இங்க வராத." லைன் அறுந்தது.

டாக்டர் வெளியே வந்தார். லிசாவிடம்தான் பேசினார். கிட்னி வேலை செய்வதை நிறுத்துகிறது, டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறோம் என்றார். "பேர் தெரிஞ்சதால உடனே ஆரம்பிக்க முடிஞ்சது. ஆனா உள்ள போனது ஜாஸ்தி. ஒண்ணு ரெண்டு துண்டோட நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

ராபியா அந்த வாக்கியத்தைக் கேட்டாள். பிறகு வராந்தாவின் எந்தச் சத்தமும் அவள் காதில் ஏறவில்லை.

நாலு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மராட்டிக்காரர், களைத்த கண்கள். பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். லிசா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அவர் இந்தியில் கேட்டார். ராபியா இந்தியில் சொன்னாள். ஆணி, பை, ஆப்பிள், தண்ணீர்.

"செய்தவள் டேஸ்ட் பார்க்கவே இல்லையா?"

"ரோஜா, ஸாப்." இந்தியில் நோன்புக்கு அதுதான் சொல்.

அவர் பேனா ஒரு கணம் நின்றது. எழுதியது. சிராஜ் சொன்னதுபோலத்தான், அந்தச் சொல் நோட்டில் ஏறியது.

"பூங்காவுக்கு எத்தனை மணிக்குப் போனாய்?"

"பதினொண்ணு இருபத்தஞ்சு."

"போனதும் விஷயத்தைச் சொன்னாயா?"

ராபியா வாயைத் திறக்கும் முன்னால் லிசா முந்தினாள். "சொன்னாங்க ஸாப்! ஓடிவந்த உடனே ஆசிட்னு கத்தினாங்க. அதுக்குள்ள முத்துமாரி வாயில போட்டுட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். எழுதிக்கோங்க." அவள் கை பெஞ்சுக்குக் கீழே ராபியாவின் கையைத் தேடிப் பிடித்தது. தமிழில், உதடு அசையாமல் சொன்னாள்: "அக்கா, ஆமான்னு சொல்லுங்க. மத்த அம்மாமார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஷைஸ்தாவ நெனைங்க."

"சரியா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் ராபியாவைக் கேட்டார்.

எதிர்ச்சுவரில் முத்துமாரியின் புருஷன் சாய்ந்திருந்தான். தோளில் அபினேஷ் தூங்கிவிட்டிருந்தான். இந்த உரையாடல் தொடங்கியதிலிருந்து அவன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

ஆமா என்று ஒரு சொல். காலையில் சொன்ன பொய்யைவிடச் சின்னது. அதைச் சொல்லவும் கூட ஒருத்தி துணைக்கு இருந்தாள்.

ராபியா லிசாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"இல்ல ஸாப். மொதல்ல பொய் சொன்னேன். கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். முத்துமாரி திங்கிறதப் பாத்துக்கிட்டே நின்னேன். பொறவுதான் சொன்னேன்."

லிசா முகத்தைப் பொத்திக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எவ்வளவு நேரம் நின்றாய்?"

"ரெண்டு பிடி ஆப்பிள் திங்கிற நேரம், ஸாப்."